சூரியனுக்கு முன்னால் ஒரு பிடி தூசி

எனக்குத் தெரிந்து, சூரியன் முகத்திலேயே மண்ணைத் தூவக் கிளம்பிய மனிதர் தூசியண்ணன் ஒருவர்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கல்தூசியில் முங்கி, தலை முதல் கால் வரை வெள்ளையாகத்தான் திரும்புவார். அவர் மீசை என்ன நிறமென்று அவர் சம்சாரத்துக்கே சந்தேகம்.

ஒருநாள் டீக்கடை டிவியில் ஒரு செய்தி. பூமி சூடாவதால், விண்வெளியில் தூசியைத் தூவி, அது பூமியைச் சுற்றிக்கொண்டே வெயிலை மறைக்கும்படி செய்யலாமா என்று விஞ்ஞானிகள் யோசிக்கிறார்களாம். அண்ணன் கையிலிருந்த டீ ஆறிப்போனது. அதற்குப் பிறகு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். மேலே ஏற்ற ஒரு வழி மட்டும் சொல்லட்டும், தூசி தன் பொறுப்பு என்பார்.

அந்தச் சித்திரையில் என் பண்ணைக் கோழிகள் வாயைப் பிளந்து செத்து விழுந்தன. ராசிபுரம் போகிற வழியில்தான் பண்ணை. பஸ் அங்கே நிற்காது, அது வேறு கதை. கூரைமேல் தெளிக்கத் தண்ணீர் இல்லாமல் ரிக்கை வரச்சொன்னேன். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்துக் குறித்துக் கொடுத்திருந்த இடத்தை அண்ணன் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்று பார்த்தார். காற்று வரும் பக்கமாகக் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்கண்ணா, தண்ணி அங்கல்லங்க இருக்குது?"

"தண்ணி அப்பறம் சாமி. மொதல்ல கோழிக்கு நெழலு."

ரிக் உறுமியது. எழும்பிய தூசியில் சூரியன் நிலா மாதிரி மங்கிப்போனது. அண்ணன் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரம்தான், அத்தனையும் பண்ணைக் கூரைமேல் இறங்கிவிட்டது. தண்ணீரும் இல்லை. என் வாயில் வந்ததையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டார். தேங்காய் காட்டிய இடத்திலும் போட்டுக் கொடுத்தார். அங்கேயும் தூசிதான் வந்தது.

மறுநாள் உச்சிவெயிலில், மிச்சமிருப்பதும் போயிருக்கும் என்று பயந்துகொண்டே பண்ணைக்குப் போனேன். ஷீட்டுக் கூரை சுண்ணாம்படித்தாற்போல வெளுத்திருந்தது. உள்ளே அந்த அனல் இல்லை. கோழிகள் வாயை மூடி, பேசாமல் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன. பின்னாலேயே அண்ணன்.

"வானத்துக்குப் போவாட்டிப் போவுது சாமி. கோழிக்கு மேல நின்னா பத்தாதுங்களா?"

போன மாசம் அவரைப் புதைத்தோம். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். என் கை குழிப்பக்கம் போகவில்லை. மேலே பார்த்து வீசினேன். எல்லார் தலையிலும் விழுந்தது. ஒருவர்கூடத் தட்டிவிடவில்லை.