இறங்குவதற்கு முன் ஏற வேண்டும்

ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் சிறு தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது. அதன்பின் வெயிலும் இல்லை, மழையும் இல்லை என்று வானம் மேகத்தைப் போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது. அந்த வானத்தின் கீழ், கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில், அதன் உரிமையாளர், வண்டி தூக்கும் லிஃப்டின் மேல் நிறுத்தப்பட்ட காரின் சன்னலருகே குனிந்து நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அத்தை, வண்டிக்குள்ள ஆள் இருக்கும்போது தூக்கக் கூடாது. அதுக்குன்னு போர்டே மாட்டியிருக்கேன். இறங்குங்க."

"என் கண்ணாடி இந்த சீட்டுக்குள்ளதான் எங்கயோ விழுந்திருக்கு. எடுத்துட்டுதான் இறங்குவேன்," என்றார் பின்னிருக்கையில் இருந்த மாமியார். "அவசரம்னா, முன்னாடி உக்காந்திருக்கற மனுஷனை முதல்ல இறங்கச் சொல்லுங்க."

ஓட்டுநர் இருக்கையில் இருந்த மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கார் என்னோடது. கிறீச் சத்தம் எங்க வருதுன்னு உள்ள உக்காந்து கேட்டாதான் தெரியும். உங்க அத்தையை முதல்ல இறங்கச் சொல்லுங்க மாப்பிள்ளை."

கணவனுக்கும் மனைவிக்கும் இடையே ஒரு தலைசாய்ப்பு மெத்தை மட்டுமே இருந்தது. ஆயினும், ஒவ்வொரு சொல்லும் சன்னல் வழியாக வெளியேறி, மாப்பிள்ளையைச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. யார் முதலில் இறங்கினாலும் அவர் தோற்றவர் ஆவார் என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு டேப் ஆகும். மாமனார் தொழிலால் தையற்காரர். கண்ணாலேயே அளவு சொல்வதில் பெயர் பெற்றவர். சென்ற மாதம் உறவினர் வீட்டு விருந்தில் யாரோ சீண்டிவிட, அவர் தம் மனைவியின் இடுப்பை ஒரு பார்வை பார்த்து, ஓர் எண்ணைச் சபையறியச் சொல்லிவிட்டார். அதோடு நின்றிருந்தால் மன்னிப்பு உண்டு. சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவி, அளந்து, நிரூபித்தும் காட்டினார். எண் மிகச் சரியாக இருந்தது, அதுதான் வினையாயிற்று. மாமியார் அன்றே பெட்டியுடன் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை கட்டிலை இழந்து, சமையலறை வாசலில் பாய் விரித்து, ஃபிரிட்ஜின் முணுமுணுப்பைக் கேட்டபடி உறங்கலானார்.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் இப்போது மாமனார், தொலைவில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்கே நிரந்தரமாகப் போய்விடுவது என்று முடிவெடுத்து, தையல் இயந்திரத்தையும் டிக்கியில் ஏற்றிவிட்டார். மறுநாள் பயணம், அதற்கு முன் வண்டியைச் சரிபார்க்க வந்திருந்தார். அதைக் கேள்விப்பட்ட மாமியாரும் கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி வந்து, பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

"என்னங்க, அந்த கார் உங்க பட்டறையை விட்டு வெளிய போறதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்," என்று காலையில் மனைவி சொல்லியிருந்தாள். "இல்லேன்னா அம்மா ஒரு வீட்டுல, அப்பா ஒரு வீட்டுலன்னே ஆயிடும். எனக்கு அது தாங்காது."

மனைவியின் கண் கலங்கினால் பட்டறைக்காரருக்குக் கை ஓடாது.

"இறங்கலேன்னா அப்படியே தூக்கிடுவேன் அத்தை."

"தூக்குங்களேன். சொல்றவங்க எல்லாம் செஞ்சுட்டாங்களா என்ன."

"மாப்பிள்ளைக்கு அவ்வளவு தைரியம் கிடையாது," என்றார் மாமனார்.

அந்த மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவே. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது பட்டறைக்காரருக்கு. கொஞ்சம் தூக்கினால் இருவரும் பதறிப்போய் ஒன்றாக இறங்கிவிடுவார்கள் என்று மனக்கணக்குப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

இவ்விடத்தில் லிஃப்டின் இயக்கத்தை அறிந்துகொள்ளுதல் நலம். பட்டறைக்காரர் அதை விளக்காமல் எந்த வாடிக்கையாளரையும் வெளியே விட்டதில்லை. அவருடைய மேசையில் டாக்டர் ஊசி போடும் ஓர் ஒல்லி ஊசிக்குழலும் ஒரு குண்டு ஊசிக்குழலும், நடுவே ரப்பர் குழாயால் இணைக்கப்பட்டு, சிவப்பு நீர் நிரம்பி, எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும். "எண்ணெயை நசுக்கிச் சின்னதாக்க முடியாதுங்க. ஒரு மூலையில அழுத்தினா அந்த அழுத்தம் எல்லா மூலைக்கும் அப்படியே போகும். ஒல்லியைவிட குண்டுக்கு வாய் பத்து மடங்கு பெருசு. அதனால பலமும் பத்து மடங்கு. ஆனா இங்க பத்து விரல் அழுத்தினா அங்க ஒரு விரல்தான் ஏறும். பலம் சும்மா வராது, தூரத்தைக் கொடுத்துதான் வாங்கணும்," என்பார். பெண் பார்க்கப் போன அன்றும் இதைத்தான் பேசினார். மாமனாரும் மாமியாரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

லிஃப்டுக்கு வேறொரு குணமும் உண்டு. அது ஏறும்போது அதன் இருபுறத் தூண்களிலும் ஓர் இரும்பு நாக்கு, 'டக், டக்' என்று ஒவ்வொரு பல்லாக விழுந்து, வண்டி சறுக்காமல் தாங்கிக்கொள்ளும். இறக்க வேண்டுமானால், முதலில் சற்றே ஏற்றி நாக்கின் மேலுள்ள பாரத்தை நீக்கி, கைப்பிடியை இழுத்து இரண்டு நாக்குகளையும் விலக்கி, அதன்பின் எண்ணெயைத் திறந்துவிட வேண்டும். அதாவது, இறங்குவதற்கு முன் ஏற வேண்டும்.

கார் இடுப்பளவு உயர்ந்து நின்றது. இருவரும் பதறவில்லை.

"நல்லா காத்து வருது," என்றார் மாமியார்.

பட்டறைக்காரர் தோல்வியை ஏற்றுக்கொண்டு இறக்க முற்பட்டார். பொத்தானை அழுத்தினார், டக். கைப்பிடியை இழுத்தார், அது அசைந்துகொடுக்கவில்லை. எண்ணெயைத் திறந்துவிட்டார், வண்டி ஒரு விரல் இறங்கி, நாக்கின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. முன்பைவிட ஒரு பல் உயரத்தில்.

"இறக்கறேன்னு சொல்லிட்டு ஏத்தறீங்களே மாப்பிள்ளை."

"இறங்கணும்னா முதல்ல ஏறணும் மாமா."

"எனக்கு பிரஷர் ஏறுது," என்று பின்னிருக்கை அறிவித்தது.

"எண்ணெய்க்கும் அதேதான் அத்தை. கொஞ்சம் பொறுங்க."

மூலையில் ஒரு கார்க் கதவின் விளிம்பில் காகித டேப் ஒட்டிக்கொண்டிருந்தார் பெயிண்டர். கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும் மனிதர்.

"அந்த ஏணியைக் கொண்டாங்க," என்றார் பட்டறைக்காரர்.

"ஏணிக்கு இப்பதான் பெயிண்ட் அடிச்சேன் முதலாளி. காயலை."

"ஏணிக்கு எதுக்குய்யா பெயிண்ட்?"

"அழுக்கா இருந்துச்சு."

எண்ணெய் குறைந்திருக்கும் என்று ஐயுற்ற பட்டறைக்காரர், தொட்டியில் எண்ணெய் ஊற்றினார். புது எண்ணெய் குடித்த மோட்டார் உற்சாகம் கொண்டு, வண்டியைத் தலையளவுக்குத் தூக்கியது. கைப்பிடிக் கம்பி துருப்பிடித்திருக்கும் என்று எண்ணிக் கிரீஸ் தடவி, மறுபடியும் ஏற்றினார். கிரீஸ் அவர் கையில்தான் வேலை செய்தது. பொத்தானிலிருந்து விரல் வழுக்குவதற்குள் மேலும் இரண்டு பல் ஏறியாயிற்று. இப்போது காரின் கூரைக்கும் பட்டறையின் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியே எஞ்சியது.

சாப்பாட்டுப் பையுடன் உள்ளே நுழைந்த மனைவி, அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க இது? ரெண்டு பேரையும் பேச வைங்கன்னு சொன்னா, பரண்ல தூக்கிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"நீ வேற. இறக்கத்தான் பார்க்கறேன்."

"பார்த்தா அப்படித் தெரியலையே."

அவர் மறுபடி கைப்பிடியைப் பற்றியபோது, மேலிருந்து குரல் கேட்டது. அது மாப்பிள்ளையை நோக்கி வந்த குரல் அன்று. அவ்வளவு உயரத்துக்கு அவரைத் தூதனுப்ப வழியில்லை அல்லவா.

"வாசல் லைட் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். மாத்தியாச்சா?" என்றார் மாமியார், காரின் கூரையிடம் விசாரிப்பதுபோல.

"மாத்தலை. ஸ்டூலை யாரு பிடிக்கறது."

"நாளைக்குப் போற இடத்துல ஸ்டூல் பிடிக்க ஆள் வச்சிருக்காங்களாக்கும்."

"இல்லை," என்றார் மாமனார். "அன்னைக்கு நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. அது பழைய டேப். இழுத்து இழுத்து நீண்டு போச்சு. அதான் தப்பா காட்டிடுச்சு."

"டேப் நீண்டா அளவு குறைச்சலாத்தான் காட்டும். நான் தையற்காரர் பொண்டாட்டி. என்கிட்டயே கதை விடறீங்களா?"

கீழே நின்ற மூவரும் அண்ணாந்து பார்த்தனர்.

"அப்படின்னா... சுருங்கிப் போச்சு."

முதலில் காரின் ஸ்பிரிங்குகள்தான் குலுங்கின. அதன்பிறகே மாமியாரின் சிரிப்பு வெளியே கேட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். பெயிண்டர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, சோம்பல் முறித்தபடி இடது தூணின் பின்புறம் போனார்.

பட்டறைக்காரர் மீண்டும் முயன்றார். இம்முறை கைப்பிடி பாதியளவு வந்து நின்றது.

மேலே, 'பீப், பீப்' என்று ஹார்ன் ஒலித்தது.

"எதுக்கு மாமா ஹார்ன் அடிக்கறீங்க?"

"அவ சிரிச்சாளா, கை பட்டுடுச்சு."

பெயிண்டர் மெல்ல நடந்து வலது தூணின் பக்கம் போனார். பட்டறைக்காரர் கைப்பிடியை இழுத்தார். அது வெண்ணெயில் இறங்கிய கத்திபோல வந்தது. எண்ணெய் சீறியது, கார், பெருமூச்சு விடுவதுபோலத் தரையைத் தொட்டது.

மாமனாரும் மாமியாரும் ஒரே சமயத்தில் இறங்கினர். மாமியார் பின்கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து முன்னிருக்கையில் அமர்ந்தார்.

"கண்ணாடி கிடைச்சுதா அத்தை?"

"கைப்பைல இருக்கு. வேற எங்க இருக்கும்."

"மாமா, அந்தக் கிறீச் சத்தம்..."

"எந்தச் சத்தம்?" என்றார் மாமனார், மறுபடி ஏறி அமர்ந்து. "நாங்க வீட்டுக்குக் கிளம்பறோம். தையல் மிஷினை இறக்கி வைக்கணும். உங்க அத்தை பெட்டியை நாளைக்குக் கொண்டாந்து கொடுத்துடுங்க."

கார் பட்டறையை விட்டு வெளியேறியது. இன்று கட்டிலில் படுக்கலாம் என்ற நினைப்பே பட்டறைக்காரரை ஒரு சாண் உயர்த்தியது.

"எப்படிங்க சாதிச்சீங்க?" என்றாள் மனைவி, அவருக்குச் சோறு பரிமாறியபடி.

"எல்லாம் அழுத்தம்தான்." அவர் ஊசிக்குழல்களை மேசையின் நடுவே இழுத்து வைத்தார். "சரியான இடத்துல சின்னதா ஒரு அழுத்தம் கொடுத்தா போதும், எவ்வளவு பெரிய பாரமும் தானா எழும். எங்க அழுத்தணும்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

சாப்பிட்டு, கை கழுவப் போனவர், இடது தூணின் பின்னால் எதையோ மிதித்தார். பிய்த்தெறிந்த காகித டேப், முறுக்கிய கயிறுபோலப் பல சுற்று. அது நாக்கை இறுக்கிக் கட்டியிருந்த தடம் இன்னும் தெரிந்தது. அவர் அந்தச் சுருளைக் கையில் ஏந்தி, பெயிண்டர் முன் போய் நின்றார்.

"இதை யாருய்யா ஒட்டச் சொன்னது?"

பெயிண்டர் அந்தக் கேள்வியை ஒருமுறை யோசித்தார். மேசையருகே மனைவி, பாத்திரங்களை எடுத்து வைப்பதில் திடீரென்று பேரார்வம் காட்டினாள்.

"எதைக் கேக்கறீங்க முதலாளி? இடது தூண்ல ஒட்டச் சொன்னது உங்க அத்தை. கைக்குட்டை தொங்கினா பிச்சிடணும்னாங்க. வலது தூண்ல ஒட்டச் சொன்னது உங்க மாமா. ரெண்டு ஹார்ன் கேட்டா பிச்சிடணும்னாரு. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஏணிக்கு பெயிண்ட் அடிக்கச் சொன்னது மட்டும் உங்க வீட்டம்மா," என்று பெயிண்டர் சொல்லி முடித்தபோது, மணி மூன்று பதினேழு.