அப்பீல் மாமாவும் ஒன்பதேகால் மணிப் பூனையும்

எமன் வந்து கயிற்றை வீசினாலும், "இது கீழ்க்கோர்ட்டு உத்தரவுதானே? மேலே ஒரு தடவை பார்த்துடலாமே!" என்று கேட்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் மயிலாப்பூரில் எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் குடியிருந்தார். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் அது இருப்பதாகக் கேள்வி. தெருவுக்கு அவர் அப்பீல்.

எந்த முடிவையும் அவர் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. டாக்டர் தெர்மாமீட்டரை உதறிப் பார்த்து, "நூற்றிரண்டு" என்றால், "இந்த வாயிலே நூற்றிரண்டு. கக்கத்திலே வெச்சுப் பாருங்கோ, அது என்ன சொல்றதுன்னு கேப்போம்" என்பார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அப்பீல் மட்டும் நகரவில்லை. "போடப் போறதா சொல்லிண்டிருக்கான். இன்னும் போடலையே! இறுதி உத்தரவு வரட்டும்" என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குண்டு வரவில்லை. ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தக் குண்டே தேவலை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவருடைய அக்காவும் ஒரு பூனையும்தான். வக்கீல் வீட்டுக் கேஸ் கட்டுகளை எலி கடிக்கிறது என்று குட்டியாக வாங்கிய பூனை. எலி தீர்ந்ததும் வக்கீல் அதைத் துரத்தச் சொல்ல, "விசாரணை இல்லாமல் பதவி நீக்கமா?" என்று அப்பீல் தன் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வரி, பாதி வால். கூப்பிட்டால் அன்றைக்கு வராது, மறுநாள் வரும். வழக்கை இன்னொரு தேதிக்குத் தள்ளிப் போடுவதற்குக் கோர்ட்டு பாஷையில் வாய்தா என்று பெயர். பூனைக்கும் அதையே வைத்தார்.

வாய்தாவால் வந்த சங்கடம் இது. யுத்தம் முடிந்து, ரேஷன் முடியாத காலம். எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் எல்லாரும் சரியாக ஒன்பதேகால் மணிக்குக் கோட்டு, தலைப்பாகை, டிபன் டப்பா சகிதம் லஸ் முனை டிராமுக்குக் கிளம்புவார்கள். வாய்தாவும் சரியாக ஒன்பதேகாலுக்குத் தயிர் சாதத்தை முடித்துக்கொண்டு, எதிர்வீட்டுத் துவைக்கிற கல்லில் வெயில் காயக் கிளம்பும். அதாவது, தெருவுக்குக் குறுக்கே.

பூனை குறுக்கே போனால் என்ன செய்வது என்று மயிலாப்பூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். கிளம்பின அத்தனை பேரும் ராணுவம் போல ஒரே சமயத்தில் திரும்புவார்கள். உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மறுபடி வெளியே வருவார்கள். அதற்குள் கல்லில் வெயில் போதவில்லை என்று வாய்தா திரும்பி வந்துகொண்டிருக்கும். மறுபடியும் உள்ளே, மறுபடியும் தண்ணீர்.

மூலையில் ரிக்‌ஷாவோடு நிற்கும் கன்னியப்பனுக்கு இது தினசரி நாடகம். "இன்னா சாமி, பூனை அது பாட்டுக்குப் போய்க்கினு கீது. நீங்க இன்னாத்துக்கு வூட்டுக்குப் போறீங்க? பூனைக்கு எதிர்க்க நீங்க வந்தீங்களே, அது திரும்பிச்சா?" என்பான்.

நான் அப்போது இரண்டாவது முயற்சியில் பி.ஏ. தேறி, அண்ணா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பகுத்தறிவு பேசிக்கொண்டு, வேலை தேடிக்கொண்டிருந்தேன். மூன்றில் சாப்பாடுதான் ஒழுங்காக நடந்தது. பீச் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியிலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. சகுனத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆகையால் அன்று வாய்தா குறுக்கே வந்தபோது நான் மூன்று தடவைதான் திரும்பினேன். மன்னி மூன்று டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். டிராம் ராயப்பேட்டை தாண்டுவதற்குள் அந்த மூன்று டம்ளரும் வெளியேற வழி கேட்டன. இறங்கினேன். ஒதுங்க இடம் தேடிக் கண்டுபிடித்து, அடுத்த டிராமைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. அவன் வீட்டருகே பூனை இல்லை போலிருக்கிறது.

தெரு கொதித்தது. "ஒரு பையனோட வாழ்க்கையே போச்சே!" என்றார் சப்-ரிஜிஸ்திரார். அவர் ரிடையராகிப் பத்து வருஷம் ஆயிற்று. பதிவு செய்யப் பத்திரம் எதுவும் வராததால் தெரு விவகாரங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் கூடியது. மனுவை எழுதினவன் அடியேன். 'மேற்படிப் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், தவறினால் சாக்கில் போட்டுச் சாந்தோம் மீன் குப்பத்தில் விட்டுவிட வேண்டும்' என்று அழகான நடையில் எழுதியிருந்தேன்.

அப்பீல் எழுந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"டிராம்லேருந்து எங்கேடா எறங்கினே?"

"ராயப்பேட்டையில மாமா."

"ஏன்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வெக்கப்படாம சொல்லு. கூண்டுல ஏறினவனுக்கு வெக்கம் கெடையாது."

"அவசரமா வந்துடுத்து."

"எது? பூனையா?"

"இல்லை மாமா. தண்ணி."

"எத்தனை டம்ளர்?"

"மூணு."

"வாய்தா கொண்டுவந்து கொடுத்துதா?"

"மன்னி கொடுத்தா."

"குறிச்சுக்கோங்கோ ஸார்!" என்று சப்-ரிஜிஸ்திரார் பக்கம் திரும்பினார் அப்பீல். "பிரதிவாதி பூனை இல்லை. இவாத்து மன்னி. அவளை வேணும்னா சாக்கில கட்டுங்கோ!"

கூடம் சிரித்தது. மன்னியும் மற்றப் பெண்களும் உட்கார்ந்திருந்த பின்கட்டிலிருந்து ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அன்று முதல் ஒரு வாரத்துக்கு எனக்குப் போட்ட மோர் சாதத்தில் மோர் இருந்ததாக நினைவில்லை.

சிரித்தார்களே ஒழிய விடவில்லை. எட்டு நாள் பூனையை உள்ளே வைத்துப் பார்ப்பது என்று இடைக்கால உத்தரவு ஆயிற்று. அப்பீல் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வாய்தா ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, ஒன்பதிலிருந்து பத்து வரை தெருவைப் பார்த்துக் கத்தியது. ஜன்னலுக்குள்ளேயே இடமிருந்து வலமாக நடந்தால் அது குறுக்கே போனதாகக் கணக்கா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போட்டு டிராமை விட்டார்கள். எலிகளுக்குச் செய்தி எப்படித்தான் போயிற்றோ, சுதந்திரம் கிடைத்தது போலக் கிளம்பின. வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசியில் துளை. சப்-ரிஜிஸ்திராரின் ஜரிகைத் தலைப்பாகையில் ஜரிகையை விட்டுவிட்டுத் துணியைத் தின்றன. என் பி.ஏ. பட்டத்தையும் விடவில்லை. நான் இரண்டு தடவை எழுதி வாங்கினதை எலி ஒரே தடவையில் பாதி முடித்துவிட்டது.

சரி, ஆபீஸுக்காவது நேரத்தோடு போனார்களா? அதுவும் இல்லை. பூனை இல்லையென்றதும் மற்றவை கண்ணில் படத் தொடங்கின. ஒரு நாள் விறகுக் கட்டு. ஒரு நாள் தும்மல். ஒரு நாள் எண்ணெய்க்காரன்.

"பூனையத்தான் உள்ள போட்டாச்சே, இப்ப இன்னாத்துக்குத் திரும்புறே சாமி?" என்றான் கன்னியப்பன்.

"எண்ணெய்க்காரன் எதிர்ல வந்துட்டாண்டா."

"அவனையும் புடிச்சு உள்ள போட்டுருங்க. கடைசில தெருவுல நீங்க மட்டும் ஜம்முனு போய்க்கினு வந்துகினு இருக்கலாம்."

ஒன்பதாம் நாள் மறுபடி கூட்டம். எலி, அரிசி, தலைப்பாகை, பட்டம் எல்லாவற்றையும் அப்பீல் சாட்சியாக அடுக்கினார். சப்-ரிஜிஸ்திரார் மசியவில்லை. தாம் கையெழுத்துப் போட்ட எதையும் மாற்றி அவருக்குப் பழக்கமில்லை.

"ஓய் அப்பீல், பூனை வீட்டுப் பிராணிதானே? உள்ளேயே இருந்தா என்ன கொறைஞ்சுடும்? வேளைக்குச் சாதம், தலைக்கு மேல கூரை. கொஞ்ச நாள் கத்தும். அப்புறம் பழகிடும்."

அப்பீல் மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பழகிடும்னுதான் எங்கப்பாவும் சொன்னார்" என்றார். குரலில் கோர்ட்டு இல்லை. "எங்கக்காவுக்கு அப்போ பதினாலு வயசு. அத்திம்பேர் தவறிப் போயிட்டார். ஆம்பளைகள் கெளம்பற நேரத்துல வாசப்பக்கம் வராதேன்னார். வரலை. முப்பது வருஷமாச்சு ஸார். காலம்பற ஒன்பது மணிக்கு நம்ம தெருவுல வெயில் எந்தப் பக்கம் விழும்னு அவளுக்குத் தெரியாது. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் போட அப்போ எனக்கு வயசும் பத்தலை, தைரியமும் பத்தலை. ஒருத்தியைப் பூட்டி வெச்சது போறும். பூனையைப் பூட்ட மாட்டேன்."

மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சப்-ரிஜிஸ்திரார் நோட்டுப் புத்தகத்தை மூடினார். அன்று எதையும் பதிவு செய்யவில்லை. அப்பீல் வீட்டு அக்காவைக் காலையில் வாசலில் பார்த்ததில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும். அதைப் பற்றி யோசித்தவன்தான் ஒருவனும் கிடையாது. பகுத்தறிவு பேசினவனையும் சேர்த்து.

மறுநாள் எனக்கு இன்னொரு கம்பெனியில் நேர்முகம். ஒன்பதேகாலுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்பீல் வீட்டுக் கதவு திறந்தது. முதலில் வாய்தா வந்தது, எட்டு நாள் பாக்கி வெயிலையும் சேர்த்து வாங்கிவிடுகிற நடையில். பின்னால் அப்பீல். அவர் பின்னால், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அக்கா.

தெரு அப்படியே நின்றது. நடுத்தெரு வரை வந்த அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்து நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டா, இவ்வளவு வெயிலா அடிக்கும்?" என்றாள் தம்பியிடம். பிறகு எங்களைப் பார்த்துவிட்டாள். கால் பின்வாங்கியது.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணா ரகசியமாகச் சொன்னார்: "உள்ளே வாடா. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ."

நான் வீரன் இல்லை. தண்ணீர் என்ற வார்த்தையைக் கேட்டதும் ராயப்பேட்டை ஞாபகம் வந்துவிட்டது. விறுவிறு என்று நடந்து அக்கா எதிரில் போய் நின்றேன்.

"அக்கா, வேலை விஷயமாப் போறேன். போய்ட்டு வரட்டுமா?"

அவளிடம் யாரும் அப்படி விடைபெற்றுக்கொண்டதே இல்லை போலிருக்கிறது. தம்பியைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். "பேஷாப் போய்ட்டு வா. கெடைக்கும்" என்றாள்.

கிடைக்கவில்லை. நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சுருக்கெழுத்து தெரியுமா என்றார்கள், தெரியாது. பட்டம் எங்கே என்றார்கள், எலி விட்டுவைத்த பாதியைக் காட்டினேன். கதவைக் காட்டினார்கள்.

திரும்பி வரும் டிராமில்தான் எனக்கு உறைத்தது. எனக்கு வேலை இல்லாதது பழைய விஷயம். ஆனால் தெருவில் அத்தனை பேரும் முடிவுக்காகக் காத்திருப்பார்கள். நான் உதட்டைப் பிதுக்கினால் நாளைக்கு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். இந்தத் தடவை பூனைக்கு மட்டும் அல்ல. நினைத்தபடியே, லஸ் முனையிலேயே சப்-ரிஜிஸ்திரார் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா ஆச்சு?"

"கெடைச்சுடுத்து ஸார்!" என்றேன். பரீட்சையில்கூட நான் அவ்வளவு நிச்சயமாக ஒரு பதில் சொன்னதில்லை.

மன்னி ரேஷன் சர்க்கரையையெல்லாம் போட்டுக் கேசரி கிளறினாள். மோரும் திரும்பி வந்தது. நான் மறுநாள் முதல் ஒன்பதேகாலுக்குக் கோட்டு, தலைப்பாகை, டிபன் டப்பா சகிதம் கிளம்பினேன். பூனை குறுக்கே போகும். எதிர்வீட்டுக்குப் போகிற அக்கா, "போய்ட்டு வா" என்பாள். நான் நேரே சாந்தோம் கடற்கரைக்குப் போய், கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்து, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்புவேன். வேலை இருப்பதாக நடிப்பதைப் போலச் சிரமமான வேலை வேறு இல்லை. லீவும் போட முடியாது. இதற்கிடையில் தெருவில் ஒருவர் பிரமோஷன் விஷயமாகக் கிளம்பினவர், வாய்தா குறுக்கே வரட்டும் என்று பத்து நிமிஷம் வாசலில் காத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

பதினெட்டாம் நாள் மணலில் ஒரு நிழல் விழுந்தது. அப்பீல். சாந்தோம் பக்கம் சவாரி வந்த கன்னியப்பன் என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறான்.

"எங்கேடா உன் கம்பெனி?"

நான் கடலைக் காட்டினேன்.

"மானேஜர்?"

ஒரு நண்டு போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கஞ்சி போட்ட பஞ்சகச்சத்தோடு அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"கெடைக்கலைன்னு சொன்னா அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். பிறகு எழுந்து மணலைத் தட்டினார். "நாளைக்கு என்னோட கெளம்பு. எங்க வக்கீலாத்துல கட்டுக் கட்ட ஒரு ஆள் வேணும். அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மறுநாள் ஒன்பதேகாலுக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். வாய்தா வந்தது. அப்பீல் நின்று, முதலில் அதைப் போகவிட்டார். எதிர்வீட்டு வாசலில் வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

பதினோரு வருஷம் அவரோடு வேலை பார்த்தேன். நான் கட்டின ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார். நான் சொன்ன எதையும் அவர் ஒரு தடவையில் ஒப்புக்கொண்டது கிடையாது, லஸ் முனையில் நான் சொன்ன அந்த ஒரு பொய்யைத் தவிர.