ஜீப்ராவின் ஒடிந்த பட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜீப்ராவின் இடது உள்ளங்கை படாத வழவழப்பான பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பஸ் முகப்பு, ஹெல்மெட், டீக்கடை பிளாஸ்க், தள்ளுவண்டித் தர்பூசணி என்று ஒன்றையும் அவர் விட்டுவைத்ததில்லை. எங்கள் அக்கவுன்ட்ஸ் மேனேஜரின் வழுக்கையையே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "எஸ்டேட்லயே சுத்தமான சர்ஃபேஸு இதான் சார், ஒரு அலை கெடியாது" என்று சர்டிபிகேட் கொடுத்தார். மேனேஜர் அதன்பிறகு எங்கள் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.

நானும் ஜீப்ராவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பஸ்ஸுக்கும் லாரிக்கும் வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது எங்கள் வேலை. முதலில் வெறும் வளைகோடுகளாகப் போட்டுக்கொள்வோம். பந்தல்காரர் மூங்கில் மேல் துணியை இழுத்துக் கட்டுவதுபோல, அந்தக் கோடுகளின் மேல் ஒரு பரப்பை இழுத்துப் போர்த்துவோம். பிறகு ஒரு பட்டனைத் தட்டினால் பரப்பின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஓடும். அவை நெளியாமல் ஒடியாமல் ஓடினால் பரப்பு சுத்தம். நாங்களெல்லாம் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு ஃபைலை அனுப்பிவிடுவோம். இவர் நாள் முழுக்க அந்த வரிக்குதிரையை மேய்த்துக்கொண்டிருப்பார். பெயர் அப்படி வந்ததுதான். அவர் மனைவி எஸ்தரே ஆபீசுக்கு போன் செய்தால், "ஜீப்ரா கீறாரா?" என்றுதான் கேட்பார்.

முதலாளி புதுக் கார் வாங்கி வந்த அன்று நாங்கள் எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தோம். ஜீப்ரா மட்டும் காரைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"சார், பின்னாடி டோர்ல கரன்ட் கம்பி நெயலு நெளியுது."

விசாரித்தால், வண்டி கைக்கு வருவதற்கு முன்பே எங்கேயோ இடிபட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "நீ மட்டும் பாக்காம இருந்திருந்தா நான் நிம்மதியா ஓட்டியிருப்பேன்யா" என்று முதலாளி நொந்துகொண்டார்.

இப்படிப்பட்ட கண் தன் வீட்டில் ஒன்றைப் பார்க்காமல் விட்டது.

எஸ்தருக்குச் சர்க்கரை. செருப்பு கடித்து இடது கால் விரலில் புண் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் கூப்பிட்ட வாரத்தில், ஜீப்ரா ஒரு பஸ் கண்ணாடி மூடியில் பட்டை ஒடிகிற இடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நாளிக்கிப் போலாம், நாளிக்கிப் போலாம்" என்று போனில் சொல்லிச் சொல்லியே நான்கு நாள் ஓடிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய்யா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. புண் புரையோடி, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முன்பே வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம்.

செயற்கைக் கால் வந்தது. ஒரு பாதம், அதற்கு மேல் ஒரு பைப். எஸ்தர் நடக்கப் பழகிவிட்டார். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் சேலை தொளதொளவென்று விழுந்தது. நசரத்பேட்டையில் அவர்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி சர்ச். பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவர், "கொடிக்கம்பத்துக்குப் பொடவ சுத்துன மாதிரி கீது. நான் வர்ல, நீ போய்ட்டு வா" என்று உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதம் வாசல் தாண்டவில்லை.

ஜீப்ரா ஈயக்கம்பி வாங்கினார். எஸ்தரின் வலது காலில் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக அதை வளைத்து, ஒவ்வொரு வளையத்தையும் கிராஃப் தாளில் படி எடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அந்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்கி, பரப்பைப் போர்த்தி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடது காலாகத் திருப்பினார். பைப்பைச் சுற்றி மாட்டிக்கொள்ள ஒரு கூடு. பட்டைகள் கெண்டைக்கால் மேல் ஒரு நெளிவில்லாமல் இறங்கின. த்ரீடி பிரின்டரில் அச்செடுத்து, என்னையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எஸ்தர் மாட்டிக்கொண்டார். சேலை ஒழுங்காக விழுந்தது. ஜீப்ரா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எஸ்தர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். பிறகு கழற்றி அவரிடமே நீட்டினார்.

"யாரு காலுய்யா இது?"

"உன்துதான். வலது கால அப்டியே திருப்பிப் போட்டுக்கீறேன்."

"என் எடது கால்ல பள்ளம் இருந்துச்சே, அது எங்க?"

கல்யாணமான புதிதில், அண்ணனூர் ரயில்வே கேட் பக்கம் இவர் மொபெட்டைச் சாய்த்ததில் ஜல்லிக்கல் குத்தி, எஸ்தரின் இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம். வருஷக்கணக்கில் அந்தப் பள்ளத்தைக் காட்டித்தான் அவர் புருஷனை மிரட்டி வைத்திருந்தாராம். "எல்லாத்தயும் எடுத்துகினாங்க. நீயும் அத்த எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு எஸ்தர் அழுதார்.

"அன்னிக்கே இட்டுகினு போயிருக்கணும் எஸ்தரு" என்று ஜீப்ராவும் அழுதார்.

"அத்த உடு. பள்ளத்தப் போட்டுகினு வா."

மறுநாள் ஆபீசில், போட்டோவும் இல்லை, அளவும் இல்லை. ஜீப்ரா கண்ணை மூடிக்கொண்டு இடது கையைக் காற்றில் மெல்ல இறக்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தில் பள்ளம் வைத்தார். அதுவரை ஒழுங்காக வந்த பட்டைகள் அங்கே வந்து ஒடிந்தன.

"ஓரத்தயாவது கொஞ்சம் மழுக்கி உடு மச்சான்" என்றேன்.

"கல்லு மழுக்கிகினா குத்துச்சி?" என்றார். பட்டை ஒடிந்தபடி அவர் அனுப்பிய ஒரே ஃபைல் அதுதான்.

எஸ்தர் அந்தக் காலோடு ஒரு வருஷத்துக்கு மேல் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாடினார். பிறகு கிட்னி கைவிட்டது. கல்லறைக்கும் அந்தக் காலோடுதான் போனார். ஜீப்ரா வேலையை விட்டுவிட்டார். போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது, வேண்டுமென்றே என் புது ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். தடவவே இல்லை.

அந்த ஃபைல் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆபீசில் சாஃப்ட்வேர் புதிதாக மாறிவிட்டது. திறக்கிற ஒவ்வொரு முறையும், பரப்பில் ஓரிடத்தில் குறை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்கிறது. ஒரு தட்டில் பள்ளம் மறைந்துவிடும். நான் வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இடது கையால் திரையில் அந்த இடத்தை ஒருமுறை தடவிவிட்டு மூடுகிறேன்.