சீரில் வந்த மூன்று பீப்பாய்கள்

ஜமுனாமரத்தூர்,
22-12-1983

மதிப்புக்குரிய சம்பந்தி ரங்கசாமி அவர்களுக்கு, தங்கவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே தங்கள் மகள் நீலாவதி சுகம், என் மகன் சுகம், என் மனைவி மாணிக்கம்மாள் சுகம். தோட்டத்துக் குளம் மட்டும் பச்சை. முப்பது வருடம் பாடக்குறிப்பு எழுதிய பழக்கம் என்னை விடவில்லை. ஆகையால் முதலில் சுருக்கம்:

1. கல்யாணச் சீரில் தாங்கள் தவலையில் வைத்து அனுப்பிய ஒன்பது சிவப்பு மீன்களும் நலம்.
2. குளத்துக்கு வடிகட்டியைத் தேர்ந்தெடுத்த விதம்.
3. அதை இயக்கிவரும் விதம்.
4. குறை எதுவும் இல்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் சென்னைக் கடையில் விற்கும் கண்ணாடிப் பெட்டி வடிகட்டி, மறுபக்கம் தாங்கள் வரைந்தனுப்பிய பீப்பாய் முறை என்று நிறைகுறைகளை எழுதிக்கொண்டிருந்தேன். பீப்பாயின் பதினோராவது குறையை எழுதும்போது, தலைதீபாவளிக்குத் தங்கள் வீட்டுக்கு வந்திருந்த பையன் லாரியில் வந்து இறங்கினான். மற்ற வீட்டுப் பையன்கள் மோதிரத்தோடு திரும்புவார்கள். எங்கள் பையன் மூன்று பீப்பாய், ஒரு மோட்டார், ஜல்லி, கரி, மணல் மூட்டைகளோடு திரும்பினான். சீரில் வந்ததைக் குறை சொல்லக்கூடாது. தாளைக் கிழித்துவிட்டேன். தேர்வு முடிந்தது.

மூன்றாவது. தங்கள் படத்தில் உள்ளபடியே முதல் பீப்பாயில் ஜல்லி, இரண்டாவதில் கரி, மூன்றாவதில் மணல் என்று கொட்டி மோட்டாரைப் போட்டேன், கரியைக் கழுவிக் கொட்ட வேண்டும் என்று படத்தில் இல்லை, எனக்கும் தோன்றவில்லை, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும், ஒரு மணி நேரம் கறுப்புத் தண்ணீர் குளத்தில் விழுந்தது, மாணிக்கம்மாள் எட்டிப் பார்த்து, "சம்பந்தி வூட்டு மிஷினு கொளத்துக்கு மை வெச்சிக்கீது, அழகாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து, குடிநீர்த் தொட்டிகளைப் பார்வையிட்டு ஓய்வுபெற்ற தாங்கள் எழுதிக்கொடுத்த விதிப்படி, செவ்வாய் வெள்ளி தவறாமல் ஜல்லியை வெளியே அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து வருகிறேன். ஜல்லி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. குளம் முன்னைவிடப் பச்சை. பக்கத்துச் சாமைக் கொல்லைக்காரர் வேடியப்பன் வேலிக்கு அப்பால் நின்று, "இன்னா சார், அந்த வழவழப்ப தேச்சுத் தேச்சு எடுக்கறீங்க? காட்டு ஓடைல கல்ல எவன் தேய்க்கிறான்? தண்ணி தெளிவாத்தான ஓடுது" என்றார். தாங்கள் இருபத்தெட்டு வருடம் சர்வீஸ் போட்டவர் என்று அவருக்குச் சொன்னேன். "அப்டீங்களா" என்று அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீலாவதிதான் தினமும், "பொங்கலுக்கு அப்பா வந்தா மொதல்ல மீனத்தான் எண்ணுவாரு மாமா" என்கிறாள். பிறந்த வீட்டிலிருந்து வந்த உயிர்கள். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிடும். இந்தப் பச்சையில் எப்படி எண்ணுவது என்பதே என் கவலை.

நான்காவதாக, குறை எதுவும் இல்லை.

தங்கள் வீட்டில் பானையும் மனமும் பொங்கட்டும். அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கவேல்

பி.கு. (11-1-84): தபாலில் போடத் துணிவில்லாமல் இதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எழுதிய மறுநாள் ஜல்லி அள்ளும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளாகப் பீப்பாயை யாரும் தொடவில்லை. மோட்டார் மட்டும் ஓடியது. ஜல்லியெல்லாம் வேடியப்பன் சொன்ன அந்த வழவழப்பு, குளம் கண்ணாடி. தங்கள் வடிகட்டி உயர்ந்த வடிகட்டிதான், நாம் இருவரும் அதன் அருகே போகாதவரை. பொங்கலுக்கு வரும்போது பிரஷ் வேண்டாம்.

இன்று காலை நீலாவதி அடிமண்வரை பார்த்து மூன்று முறை எண்ணினாள். ஏழு. கொக்கு தூக்கியதோ, நம் பிளீச்சிங் பவுடர் தூக்கியதோ, தெரியவில்லை, அவள் இன்னும் கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். தவலையில் இரண்டு மீன் கொண்டு வாருங்கள். சுருக்கத்தின் முதல் எண்ணில் ஒன்பதும் நலம் என்று நான் எழுதியது தவறு.