நொட்டையார் வீட்டு வெள்ளை நாய்

ஆரணியில் தறியை விட்டு இறங்கிய பட்டுச் சேலைகளில் நொட்டையாரிடம் திட்டு வாங்காத சேலை ஒன்றுகூட இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிரம்மாவே வந்து உலகத்தை அவர் முன்னால் விரித்துக் காட்டியிருந்தாலும், மேற்கு ஓரத்தில் ஒரு சுருக்கம் இருப்பதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பட்டு வியாபாரியின் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளைப் பரிசோதித்து வாங்குவது நொட்டையாரின் வேலை. வாசல் வெளிச்சத்தில் பாய் போட்டு, சேலையைப் பிரித்து, "முந்தி சுத்தம். கரை சுத்தம்" என்று ஆரம்பிப்பார். "உடல்ல..." என்று இழுத்தாரானால் நெய்தவர் பாடு போச்சு. தப்பித்தவறி எல்லாம் சரியாக இருந்துவிட்டால், சொந்த வீட்டை எழுதிக் கொடுப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "பாஸ்" என்பார். அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது பயன்பட்டது.

குறை காணும் வழக்கம் கடையோடு நிற்கவில்லை. என் கல்யாணத்தில் நான் தாலி கட்டி நிமிர்ந்ததும் காதருகே குனிந்து, பந்தலின் வலது கால் கொஞ்சம் கட்டை என்று சொல்லிவிட்டுத்தான் வாழ்த்தினார். அவர் தனிக்கட்டை. பார்த்த பெண்களையெல்லாம் நொட்டை சொல்லியே கல்யாணம் ஆகாமல் போயிற்று என்பது ஊர்ப்பேச்சு. நெசவாளி ருக்மணியம்மாவோ, பெண்கள்தான் அவரை நொட்டை சொல்லியிருக்க வேண்டும் என்பார். திருப்பி அனுப்பப்பட்ட சேலைகளில் பாதி அந்த அம்மாளுடையவை. ஆகவே கருத்து சற்றுக் காரமாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் குறையே சொல்லாத ஜீவன் ஒன்று உண்டு. அது அவர் வளர்த்த ராஜபாளையம் நாய். பெயர் துரை. வேட்டி வெளுப்பில், நீண்ட காலும் ஒட்டிய வயிறுமாக இருக்கும். தீபாவளிக்கு அதன் பக்கத்திலேயே சரவெடி வெடித்தாலும் தலையைத் தூக்கிப் பார்க்காது. அரிசி ஆலைச் சங்கு ஊதினால் தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். துரை மட்டும் கண்ணை மூடிப் படுத்திருக்கும். என்ன கம்பீரம் என்று ஊரே வியந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததால் திமிர் பிடித்தது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நொட்டையாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார், துரை எழுந்து வரும். நாயிடம்கூட இந்த மனுஷர் கோபமாகத்தான் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்தச் சமயத்தில் எங்கள் முதலாளி எங்கிருந்தோ ஒரு ராஜபாளையம் பெட்டை வாங்கி வந்தார். அதைத் துரையோடு ஜோடி சேர்க்க வேண்டும் என்று ஆசை. பிறக்காத குட்டிகளை வேலூரிலும் மெட்ராஸிலும் பெரிய மனிதர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி தருவது வழக்கம். அதை நீங்களே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று நொட்டையாரிடம் சொன்னார். நொட்டையார் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பெட்டையைப் பார்வையிடப் போனார். வால் இடது பக்கமாகச் சாய்கிறது என்று திரும்பி வந்தார். அது சாயவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பிகு செய்கிறார்கள் என்று முதலாளி சிரித்துக்கொண்டார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருநாள் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய், பாத்திரக் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்து, நெளிவில்லாத ஒரு சின்ன அலுமினியத் தட்டு வாங்கினார். குட்டிக்கா என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றவர், தட்டைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். துரைக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அது போனால் வீட்டில் அவரைத் தவிர வேறு மூச்சில்லை. அந்த மனுஷருக்குக் குட்டி வேண்டும் என்பது எனக்கு அன்று நன்றாகத் தெரிந்தது.

அந்த வாரத்தில் கடை வரலாற்றில் நடக்காத ஒன்று நடந்தது. ருக்மணியம்மா கொண்டுவந்த சேலையைப் பிரிக்காமலே நொட்டையார் "பாஸ்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய அம்மாள் பயந்துபோய்விட்டார். "இன்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? பிரிச்சுப் பாத்துட்டே சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

பெட்டையின் பருவம் முடிவதற்குள் நாயை அழைத்து வரச் சொல்லி முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் நொட்டையார் துரையைக் கடைக்கே கூட்டி வந்தார். சேலை கொடுக்க வந்த நெசவாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வழக்கம்போல் பாய் விரித்து, சேலை இருக்கும் இடத்தில் நாயை நிறுத்தினார். தலையிலிருந்து வால்வரை விரலால் தடவிக்கொண்டு போனார்.

"தலை சுத்தம். காலு சுத்தம். வாலு சுத்தம்" என்றார். அப்புறம் விரலைக் காதருகே கொண்டுவந்து நிறுத்தினார். "காது கேக்காது."

அவரிடம் குட்டுப் பட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அவர் வீட்டுச் சரக்கிலேயே நொட்டை என்றால் சிரிக்க எவ்வளவு நல்ல சந்தர்ப்பம்! ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறவியிலேயே அப்படித்தான் என்றும், கால்நடை டாக்டரிடம் காட்டிவிட்டதாகவும், இந்த இனத்தில் அது குட்டிகளுக்கும் இறங்கலாம் என்று அவர் சொன்னதாகவும் நொட்டையார் சொன்னார். முதலாளிக்கு மனம் ஆறவில்லை. எல்லாக் குட்டிக்கும் வராதே, வந்தாலும் வாங்குகிறவர்களுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டார்.

"சேலையில நொட்டை இருந்தா அந்தச் சேலையோட போவும் மொதலாளி. இது அப்டி இல்ல. பின்னாடி லாரி வந்தாகூட இதுக்குத் தெரியாது. இது ஒண்ணுக்கு நான் காதா இருந்துகினு இருக்கேன். அதுங்களுக்கெல்லாம் யாரு இருப்பாங்க? என்னால பாஸ் பண்ண முடியாதுங்க."

முதலாளி எல்லாருக்கும் காபி வாங்கி வரச் சொன்னார். ஜோடிப் பேச்சு அதோடு முடிந்தது.

நொட்டையார் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது ருக்மணியம்மா எழுந்தார். "அப்ப அத்த எப்டிங்க கூப்புடறது?" என்று கேட்டார். நொட்டையார் குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினார். அதிர்வு காலில் ஏறும், அதுதான் அதற்குப் பேர் என்றார். ருக்மணியம்மா தட்டினார். துரை திரும்பிப் பார்த்து, அவரிடம் போய்க் கையை மோந்தது. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் துரையைக் கடந்து போகிற எவரும் திடுமென்று பக்கத்தில் போவதில்லை. எட்டவே நின்று ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார்கள். நொட்டையார் அதையும் விட்டுவைக்கவில்லை. நீ தட்டுவது பலம், நீ தட்டுவது சோம்பல் என்று ஒவ்வொருவருக்கும் நொட்டை சொன்னார். குட்டிக்கு வாங்கிய தட்டில் மிக்சர் போட்டுத் தின்றுகொண்டே சொன்னார்.

சில வருஷம் கழித்துத் துரை போய்ச் சேர்ந்தது. ஆனால் தெருவின் கால்களுக்குப் பழக்கம் விடவில்லை. அவர் வீட்டு வாசல் வந்ததும் யாராவது தட்டுவார்கள். உள்ளேயிருந்து நொட்டையார் தலையை நீட்டி, "இன்னாத்துக்குப்பா இவ்ளோ பலமா?" என்பார். அவர் வெளியே வரட்டும் என்றுதான் நாங்கள் பலமாகத் தட்டினோம்.