கூரைமேல் ஒரு சட்டைச் சோதனை

இந்த வருஷம் ரக்பி ஃபைனலுக்குப் போயே தீருவது என்று சபதம் எடுத்தேன். மனைவிக்குத் தெரியாமல்தான். எங்கள் வீட்டில் சபதம் எடுக்க அதுதான் பாதுகாப்பான முறை.

டூவூம்பா ஊரில் எங்கள் பேட்டை அணி ஃபைனலைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆகிறது. ஆட்டம் சனிக்கிழமை மதியம். அதே சனிக்கிழமை, கூரையோர வடிகாலில் அடைத்துக் கிடக்கும் யூகலிப்டஸ் சருகை நான் அள்ள வேண்டும் என்று கோரலி முடிவு செய்திருந்தாள். காட்டுத்தீக் காலம் வருகிறது, ஒரு பொறி போதும் என்றாள். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? பொய்தான்.

எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. உடம்புச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் துணி செய்கிறோம். உள்பக்கம் உடம்பின் சூடு, வெளிப்பக்கம் குளிர். வித்தியாசம் கூடக்கூட மின்சாரம் கூடும். அதில் தைத்த கையில்லாச் சட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"கோரலி, சனிக்கிழமை முழுக்க இதைப் போட்டுச் சோதிக்கணுமாம். மேலிடத்து உத்தரவு."

"போட்டுக்கோயேன். யாரு தடுத்தா?"

"வீட்டுக்குள்ள சரிப்படாது. வெட்டவெளியா, உயரமா இருக்கணும். மேற்குக் காத்து மூஞ்சில அறையணும்."

"அப்படி எந்த இடம் இருக்கு?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டேன். "மைதானத்துல... கடைசி மேல் வரிசை?"

"சுத்தி நூறு பேர் நெருக்கியடிச்சு உக்காந்திருப்பான். காத்து எங்கேருந்து வரும்? சும்மா உக்காந்திருந்தா உடம்புதான் சூடாகுமா?"

"அது... குனிஞ்சு நிமிந்தா சூடாகும்."

"வெட்டவெளி, உயரம், காத்து, குனிஞ்சு நிமிர வேலை. நம்ம கூரையை விட்டா வேற இடம் ஏது டெஸ்?"

என் விஞ்ஞானத்தை வைத்தே என்னை ஏணியில் ஏற்றிவிட்டாள். நான் ஒளித்து வைத்திருந்த டிக்கெட்டையும் கண்டுபிடித்தாள். அது வீணாகக் கூடாதே என்று, ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்த பக்கத்து வீட்டு ரோஸ்லினோடு அவளே ஆட்டத்துக்குக் கிளம்பினாள். சட்டை எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பது போனில் தெரியும். அதைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டாள்.

"விஞ்ஞானத்துக்குச் சாட்சி வேணாமா?"

நாலு கை சருகு அள்ளியிருப்பேன். கூடவே மேலே கொண்டுவந்திருந்த ரேடியோவில் ஆட்டம் தொடங்கியது. உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"அளவு இறங்குதே டெஸ்."

"மேகம் மறைச்சிடுச்சும்மா."

"மறைச்சா குளிரும். குளிர்ந்தா ஏறணுமில்ல?"

அவள் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். இதையெல்லாம் எங்கே படித்தாள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் நான்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஆனால் நானும் ஆராய்ச்சிக்காரன். சத்தமில்லாமல் இறங்கினேன். ரப்பர் பையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் நிரப்பிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மேலே வந்து தகரத்தில் மல்லாந்து படுத்தேன். அளவு ஜிவ்வென்று ஏறியது. எந்த ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒரு அளவை நான் பார்த்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

போன் அடித்தது.

"டெஸ்! என்ன வேகம்! ரோஸ்லின் அசந்துபோயிட்டா."

"உழைப்பு... கோரலி... உழைப்பு." வேண்டிய அளவு மூச்சு வாங்கினேன்.

"இவ்வளவு தெம்பு இருக்கே, அவ வீட்டு வடிகாலையும் நீயே சுத்தம் பண்ணிடுவேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"ஐயோ, நம்ம வடிகாலே இன்னும்..."

போனில் அவளுக்குப் பின்னால் மைதானமே எழுந்து கத்தியது. எங்கள் அணி புள்ளி எடுத்துவிட்டது. நான் பார்க்க வேண்டிய புள்ளி. கூச்சல் அடங்கும்வரை காத்திருந்து, கோரலி நிதானமாகச் சொன்னாள்:

"ரெண்டையும் முடிச்சிட்டு, அந்த வெந்நீர்ப் பையை என் போர்வைக்குள்ள வச்சிடு. நான் வரும்போது கால் வைக்கச் சூடா இருக்கணும்."