பதினோராம் மாடியும் என் வலது முழங்காலும்

யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
14 பெப்ரவரி 2016

என் அன்புக்கும் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய கொன்ஸ்ரன்ஸ் அக்காவுக்கு,

தம்பி ஒஸ்வால்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனுசி டோரினும் இங்கே சுகம். நீர்கொழும்பில் நீங்களும் மகனும் மருமகள் பிறிஜெற்றும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு மணியை உங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். தொலைபேசியில் கதைத்தால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, கேட்காவிட்டாலும் ஓம் ஓம் என்று சொல்லிவிடுகிறீர்கள். இது அப்படி முடிகிற காரியம் இல்லை என்பதால் எழுதுகிறேன். மகள் பிறிஜெற், மாமிக்குப் பக்கத்தில் இருந்து உரத்து வாசியுங்கோ. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் வாசிக்க வேண்டாம்.

காரியம் இதுதான். அடுத்த மாதம் மூன்றாம் திகதி நீங்கள் கொழும்புக்கு வந்து, வீடமைப்புக் கந்தோரில் மேசைக்கு முன்னால் நின்று, என்னுடைய வலது முழங்கால் சின்ன வயதிலேயே உடைந்தது, இன்று வரைக்கும் சுகமாகவில்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதில்தான் டோரினின் அப்பக்கடை இருக்கிறது. எப்படியென்று கேட்பீர்கள். முதலில் இருந்து சொல்கிறேன்.

வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிற எங்கள் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக மாடி வீடு தரப்போகிறது என்ற கதை பல வருஷமாக இருந்தது உங்களுக்குத் தெரியும். கடைசியில் ஆட்கள் உண்மையாகவே வந்து ஒவ்வொரு வாசலிலும் சிவப்பு மையால் இலக்கம் எழுதினார்கள். ஒரு வாசலுக்கு ஒரு வீடு, உள்ளே இரண்டு பேர் இருந்தால் என்ன, எட்டுப் பேர் இருந்தால் என்ன, அளவு ஒன்றுதான். பக்கத்து வீட்டு நளீபாவும் அவளுடைய கூடப்பிறந்த நானாவின் குடும்பமும் ஒரே வாசலால் போய் வந்தவர்கள், ஆனபடியால் அன்றிரவோடு சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்தார்கள், விடிய வந்த ஆட்கள் ஈரச் சீமெந்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு இலக்கம் போடாமல் போய்விட்டார்கள். முன்பணமாகக் கொஞ்சம், மிச்சத்தை மாதாமாதம் இருபது வருஷம் கட்ட வேண்டும். அதுவரைக்கும் விற்கவும் ஏலாது, வாடகைக்குக் கொடுக்கவும் ஏலாது. கணக்குப் பார்த்தால் நான் எண்பத்து மூன்று வயதில் சொந்த வீட்டுக்காரனாவேன். அதற்காகவாவது உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

எந்த மாடி என்பது சீட்டிழுப்பில்தான். நிலத்தோடு இருக்கிற வீடுகளுக்கு மட்டும் சீட்டு இல்லை, அவை நடக்கக் கஷ்டப்படுகிற ஆட்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள், வைத்தியர் எழுதித் தருகிற துண்டு வேண்டும், பிறகு அதிகாரி வந்து நேரில் பார்ப்பார். இந்தச் செய்தி தோட்டத்துக்குள் வந்த நாளிலிருந்து, அக்கா, ஒருத்தர் நேராக நடந்து நான் காணவில்லை. குழாயடிக்குத் தண்ணீருக்குப் போகிறவர்கள் எல்லோரும் நொண்டிக்கொண்டு போனார்கள். மேசன் வேலை செய்கிற ஹியூபேட் ஒரு பொல்லை வாங்கி ஊன்றத் தொடங்கினான். அந்தப் பொல்லோடு மாதக்கணக்காக நடந்து நடந்து இப்போது அவனுக்கு உண்மையாகவே நடை கோணலாகிவிட்டது, அது வேறு கதை.

ஆனால் என் கால் பொய்க்கால் இல்லை. கோயில் மதிலில் ஏறி ஜம்புப்பழம் பறித்துத் தரச் சொல்லி என்னை ஏற்றிவிட்டது நீங்கள், விழுந்தது நான், பழத்தைத் தின்றது நீங்கள். நாற்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியது மிச்சத்தையும் முடித்துவிட்டது. நிலத்து வீடு எனக்கு வேண்டியது என் காலுக்காகக்கூட இல்லை. டோரின் விடிய எழும்பி வாசலில் அடுப்பை வைத்து அப்பம் சுட்டால் துறைமுகத்துக்குப் போகிற ஆட்கள் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வாசல்தான் எங்கள் சோறு. மாடியில் போய் இருந்தால் ஒரு அப்பத்துக்காக ஆர் லிஃப்ட்டில் ஏறி வருவான்?

விதானகே மாத்தயா என்று ஒரு அதிகாரி வந்தார். சிங்களவர், தங்கமான மனுசன், தமிழும் கதைப்பார். முழங்காலை அமுக்கிப் பார்த்தார். நான் போட்ட கூச்சலில் நளீபா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். அந்த இடத்திலேயே நிலத்து வீடு என்று எழுதிக்கொண்டார். டோரின் சந்தோஷத்தில் அவருக்கு முட்டையப்பம் சுட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஆனி மாதம் வந்தது, அந்தோனியாரும் வந்தார். எங்கள் தோட்டத்து முகப்பில் இருக்கிற சின்னக் கோயிலின் சுரூபத்தைத் திருநாளன்று தோளில் தூக்குகிற கூட்டில் வைத்து ஒழுங்கைகளைச் சுற்றிவருவது உங்களுக்குத் தெரியும். முன் வலப்பக்கத்துத் தடி எங்கள் அப்பாவுடையது, அப்பாவுக்குப் பிறகு என்னுடையது. அந்தப் பழைய ஒழுங்கைகளில் அதுதான் கடைசிச் சுற்று. டோரின் எச்சரித்தாள், இந்த வருஷம் வேறு ஆளிடம் கொடுங்கள் என்றாள். அக்கா, உங்களால் கொடுத்திருக்க முடியுமா? தடி தோளில் ஏறியதும் கால் நோவது எனக்கு மறந்துபோகும், எல்லா வருஷமும் அப்படித்தான். வாத்தியக்காரர் பைலா மெட்டில் ஒரு கீதத்தை எடுத்துவிட்டார்கள், நானும் ஒரு ஆட்டத்தோடு வளைவில் திரும்புகிறேன், அங்கே கையில் மெழுகுதிரியோடு மனைவி பிள்ளை சகிதம் நிற்கிறார் விதானகே மாத்தயா.

அவர் பௌத்தர்தான், ஆனால் அந்தோனியார் எல்லோருக்கும் பொது. களவுபோன மோட்டார் சைக்கிள் கிடைத்ததற்கு நேர்த்தி செலுத்த வந்திருக்கிறார். அதுவும் எங்கள் தோட்டத்து அந்தோனியாரிடம். நேராக நடந்தால் வீடு போகும், நொண்டினால் சுரூபம் சரியும். துணிந்து இரண்டு அடி நொண்டிப் பார்த்தேன். அந்தோனியார் அப்படியே முன்னுக்குச் சாய்ந்து, மாத்தயாவின் முகத்துக்கு நேரே தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்தார். சனம் முழுக்க அதைக் கண்டது. மாத்தயா அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்துவிட்டார், அவருடைய மனைவி அழுதாள், நான் பயத்தில் அதற்குப் பிறகு ஒரு அடிகூடப் பிசகாமல் கோயில் வரைக்கும் இளந்தாரி மாதிரி நடந்து போய்ச் சேர்ந்தேன்.

கூட்டை இறக்கியதும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பொய்க்காரன் என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"ஐயா, நான் அமுக்கின கால் இது. எனக்குத் தெரியும். அந்தோனி முனி உங்கட கால சுகமாக்கிட்டார்."

நான் என்ன சொல்ல? இல்லை மாத்தயா, இது வருஷா வருஷம் நடப்பது, நாளைக்குப் படுக்கையில்தான் இருப்பேன் என்று அவ்வளவு சனத்துக்கு முன்னால், அந்தோனியாருக்கும் முன்னால் சொல்லலாமா? ஆமென் என்றேன். மறுநாளே, கால் சுகமானபடியால் நிலத்து வீடு தேவையில்லை என்று எழுதி, அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹியூபேட்டுக்கு. அடுத்த நாள் முதல், அந்தோனியார் செய்த அற்புதம் என்று, தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் முழங்காலைத் தொட வைத்தார்கள். உள்ளே நோவு உயிர் போகிறது, வெளியே நான் சிரித்துக்கொண்டு காலை நீட்டிக்கொண்டு இருக்கிறேன். டோரின் மட்டும் தொடவில்லை. "உங்கட காலுக்குப் புதுமை நடந்ததாம். என்ட அப்பச்சட்டிக்கு எப்ப நடக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவள், அதற்குப் பிறகு என்னோடு கதைப்பது உப்பு, காஸ், தண்ணீர் பற்றி மட்டும்தான்.

சீட்டிழுப்பில் எங்களுக்கு விழுந்தது பதினோராம் மாடி. தை மாதம் குடிவந்தோம். பொய் சொல்லக்கூடாது, அக்கா, வீடு சொர்க்கம். குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முதல் நாள் நான் அதைத் திறந்து பூட்டித் திறந்து பூட்டி டோரினிடம் ஏச்சு வாங்கினேன். வரிசையில் நிற்கத் தேவையில்லாத கக்கூஸ், உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடலாம், கதவில் தட்டுவதற்கு ஆள் இல்லை. யன்னலைத் திறந்தால் துறைமுகம் முழுவதும் தெரியும், கப்பல் அணைகிற, நான் வேலை செய்த பாலத்தையும் காணலாம். நளீபாவும் புருஷன் மஷூரும் அடுத்த கதவு. கோயிலையும் கீழே கொண்டுவந்து வைத்தாயிற்று. ஆனால் அப்பம்? டோரின் கூடையில் வைத்துக் கீழே கொண்டுபோனாள். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நின்று இறங்குவதற்குள் ஓரம் எல்லாம் நமுத்துப்போய்விடுகிறது. போதாததற்கு விடிய விடியப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ வாசலிலேயே வந்து நிற்கிறது. விற்காத அப்பம் முழுவதும் எனக்குத்தான், காலையும் பகலும் இரவும். (பிறிஜெற் மகள், மாமிக்குச் சொல்ல வேண்டாம், நேற்று டோரின் அப்பச்சட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாள். அதைக் கண்டபோது எனக்கு அழுகை வந்தது.)

ஆனபடியால் மேன்முறையீடு செய்திருக்கிறேன். நிலத்தில் இன்னும் ஒரு வீடு வெறுமையாக இருக்கிறதாம். கால் நோகிறது என்று சொன்னால் அந்தோனியாரைப் பொய்யாக்கினதாகாதா என்று பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு புதுமையைத் திருச்சபை ஒத்துக்கொள்ள நூறு வருஷம் செல்லும், ஒஸ்வால்ட். அதுவரைக்கும் உமக்குக் கால் நோகலாம்." இப்போது குறைவது சாட்சி மட்டும்தான். ஜம்புப்பழத்துக்கு உங்களை விட்டால் சாட்சி இல்லை. அதைத் தின்றதைச் சொல்லத் தேவையில்லை. விழுந்ததைச் சொன்னால் போதும். என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் மகனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தம். பிறிஜெற் மகளின் தொண்டைக்கு ஆண்டவர் பலம் தருவாராக. அந்தோனியார் உங்கள் வீட்டில் எதையும் தொலைய விடாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உங்களால் விழுந்த தம்பி,
ஒஸ்வால்ட்

பி.கு.: அக்கா, ஒட்டின உறையைத் திறந்து இதை எழுதுகிறேன், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கந்தோருக்குப் போக வேண்டாம். போனாலும் என் கால் வைரம் என்று சொல்லுங்கள்.

கடிதத்தை ஒட்டித் தபாலில் போட வெளியே வந்தால் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. கீழே பாண் ஓட்டோ பாட்டுப் போடுகிறது, மேலே இருக்கிற சனம் யன்னலால் எட்டிப் பார்க்கிறது, பாணுக்காக ஒருத்தரும் அவ்வளவு படி இறங்கி ஏறத் தயாரில்லை. நளீபா வந்து கட்டிலுக்குக் கீழே இருந்த சட்டியைத் தானே எடுத்து டோரினின் கையில் கொடுத்தாள். முதல் அப்பத்தின் வாசம் படிவழியே மேலும் கீழும் போனதுதான் தாமதம், கதவுகள் திறந்தன. ஹவுஸ்கோட்டோடும் சாரத்தோடும் பல் துலக்குகிற வாயோடும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், தொட்டுக்கொள்ளக் கொடுத்த கட்டச்சம்பல் முடிந்து சீனிச்சம்பலும் முடிந்தது. லிஃப்ட் ஓடினாலும் இனி இங்கேதான் வாங்குவோம், உடுப்பு மாற்றிக்கொண்டு கீழே போகத் தேவையில்லையே என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நாலாவது நாள், அந்தோனியாருக்கு நான் மெழுகுதிரி கொளுத்தி லிஃப்ட் ஓட வேண்டுமென்று கேட்கிறேன், டோரின் அதற்குப் பக்கத்தில் இன்னொரு திரி கொளுத்தி அவசரமில்லை, ஆறுதலாக ஓடட்டும் என்று கேட்கிறாள்.

இதற்குள் காஸ் முடிந்துவிட்டது. புது சிலிண்டரைக் கீழேயிருந்து தோளில் வைத்து, ஒவ்வொரு மாடியிலும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு ஏறி வருகிறேன், ஒன்பதாம் மாடிப் படியில் ஒருவர் குந்தியிருந்து மூச்சு வாங்குகிறார். விதானகே மாத்தயா. மேன்முறையீட்டுக்காக என் காலைப் பார்க்க வந்தவர். நிமிர்ந்து என்னையும் சிலிண்டரையும் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து ஆறு அப்பம் சாப்பிட்டு, மேன்முறையீட்டைத் தானே திருப்பித் தந்துவிட்டு, மனைவிக்கும் நாலு கட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு டோரின் என் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிட்டாள், சிரித்துக்கொண்டே போட்டாள். ஆனி மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் சிரித்தாள், அக்கா. கால் நோகிறதா என்று கேட்டாள், இல்லை என்றேன்.

நோகிறது. ஆனாலும் நீங்கள் கட்டாயம் வாருங்கள், அப்பம் சாப்பிட. கீழே நின்று ஒரு சத்தம் போட்டால் போதும். அந்தோனியாரையே தூக்கினவன், உங்களைத் தூக்க மாட்டேனா?